மாமாவின் நீளக் குழல்

காலை ஏழு மணி இருபது நிமிடம். பெரியப்பா கடையின் சுவர்க் கடிகாரம் அப்படித்தான் காட்டியது. எங்கள் தெருவில் அப்போது இருந்த ஒரே கடிகாரம் அதுதான். கடை வாசலில் நின்று பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டவை வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருந்த நான்கு மேசைக் கால்கள். பிறகு கவிழ்த்துப் போட்ட மேசை தெரிந்தது, மேசையைச் சுமந்த வண்டி தெரிந்தது, வண்டிக்கு முன்னால் இரண்டு மாடுகள், மாடுகளுக்கு முன்னால் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு நடந்துவந்த என் மாமா.

கண்டிக்கு ரயில் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கோப்பி மூட்டைகளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகும் வண்டிகள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. ஒரு வண்டிக்காரர்கூட வழிவிடவில்லை. மூட்டை ஏற்றாமல் மேசை ஏற்றிவந்த வண்டியை அவர்கள் மதிக்கவில்லை. மாமா ஒவ்வொருவரிடமும் போய், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தயவுசெய்து கொஞ்சம் ஒதுங்கும்படி கேட்டார். தொப்பியைக் கழற்றியவரை அவர்கள் அதற்கு முன்னால் பார்த்திருக்கமாட்டார்கள். ஒதுங்கிக்கொண்டார்கள்.

மாமா அம்மாவின் தம்பி. சென்னைப் பட்டணத்தில் வைத்தியம் படித்துவிட்டு, கடல் தாண்டி வந்து, சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஐந்து வருஷம் வேலை பார்த்தார். அந்த மாதம்தான் வேலையை விட்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் சர்க்கார் வேலை கிடைத்தவர் அவர் ஒருவர்தான். அதை விட்டவரும் அவர் ஒருவர்தான். அவர் சொன்ன காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிறவனை மூன்று நாள் பார்க்கிறேன், பிறகு அவன் பிழைத்தானா இல்லையா என்று தெரிவதில்லை என்றார். ஒரு வீட்டில் பிறக்கிறவர்களையும் நோவில் கிடக்கிறவர்களையும் சாகிறவர்களையும் ஒரே ஆள் பார்க்கவேண்டும், அந்த ஆள் தானாக இருக்கவேண்டும் என்றார்.

பெரியப்பா அப்பாவுக்கு அண்ணன். அரிசிக்கும் துணிக்கும் பெயர்போன கடை அவருடையது. ஹந்தானை, பல்லேகலப் பக்கத்துத் தோட்டங்களுக்கு அரிசி அங்கிருந்துதான் போகும். கடையிலிருந்து நாலாவது வீட்டை மாமாவுக்கு ஆறு மாதத்துக்குக் கொடுத்தார். ஆறு மாதத்தில் தொழில் நடக்கவில்லை என்றால் மாமா வீட்டைக் காலி செய்துவிட்டு, மாத்தளைக்கு அப்பால் ஒரு துரையின் தோட்டங்களுக்கு டாக்டராகப் போய்விடவேண்டும். அது பேச்சு. அம்மா அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அடுப்படிக்குப் போய்விடுவாள். மாத்தளைக்கு அப்பால் போனவர்கள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த கதைகள் அவளுக்கு நிறையத் தெரியும்.

மேசை, சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத் துரையின் பங்களா ஏலத்தில் எடுத்தது. முதிரை மரம். பன்னிரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிட்ட மேசை. தச்சு வேலை செய்யும் பாஸ் ஒருவர் வந்து அதைக் குறுக்கே அறுத்து, புதுக் கால்கள் சேர்த்து, இரண்டாக்கினார். ஒரு பாதி நோயாளி படுக்க, மறு பாதி மருந்து கலக்க. பலகையில் கத்தி கீறிய தடங்கள் இருந்தன. அவற்றை இழைத்து எடுக்கும்வரை மாமா பாஸை விடவில்லை. வெட்டுத் தடம் உள்ள மேசையில் எந்த மனுஷன் நிம்மதியாகப் படுப்பான் என்று கேட்டார். பாஸ் சிரித்துக்கொண்டே மூன்று நாள் இழைத்தார்.

பிறகு ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்று வந்தது. கண்ணாடிக் கதவு வைத்த அலுமாரி. வெல்வெட் பெட்டிக்குள் படுத்திருந்த சின்னஞ்சிறு தராசு. கோடு போட்ட கண்ணாடிக் குவளைகள். மருந்து அரைக்கப் பீங்கான் கல்வம். வைக்கோல் நிறைத்த பெட்டியில் மூன்று டஜன் போத்தல்கள், அவற்றில் உடைந்தவை நான்கு. மாமா எல்லாவற்றையும் தானே கழுவித் துடைத்து, தானே அடுக்கி, மறுநாள் காலையில் வேறு மாதிரி அடுக்கினார். இருட்டில் கை நீட்டினாலும் தவறான போத்தல் கைக்கு வரக்கூடாது என்பது அவர் கணக்கு. அலுமாரியின் மேல் தட்டுக்கு மட்டும் தனிப் பூட்டு. அங்கே இருந்த ஒரு சின்ன போத்தலைக் காட்டி, இது சீமையில் ஒரு பூச்செடியின் இலையிலிருந்து இறக்குவது என்று அம்மாவிடம் சொன்னார். நெஞ்சு கெட்டவர்களுக்குச் சொட்டுக் கணக்கில் கொடுத்தால் எழுந்து உட்கார்வார்கள், நல்ல நெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தால் படுத்துவிடுவார்கள். அதனால் நெஞ்சைக் கேட்காமல் அதைத் தொடுவதில்லை என்றார்.

நோயாளிகள் வந்தார்கள். வண்டிச் சக்கரத்தில் கால் மாட்டியவர், கோப்பி ஸ்டோரில் மூட்டை விழுந்து தோள் இறங்கியவர், தோட்டத்திலிருந்து தூக்கிவரப்பட்ட காய்ச்சல்காரர்கள். ஒவ்வொருவரும் ஆண். பெண்கள் வரவில்லை. பெண்களின் நோய் மட்டும், கணவனின் வாய் வழியாக வந்தது. ஒரு பலசரக்குக் கடைக்காரர் காலிப் போத்தலோடு வந்து, மனைவிக்கு மருந்து வேண்டும் என்றார்.

“என்ன செய்யுது?”

“என்னமோ பண்ணுதாம்.”

“எங்க?”

“அத நான் கேக்கலீங்களே.”

மாமா அவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிக் கேட்டுவரச் சொன்னார். அவர் அரைமணி நேரத்தில் திரும்பிவந்து, “உள்ளுக்குள்ளதானாம்” என்றார். மாமா சீரகத் தண்ணீரைக் கொஞ்சம் வாசனையாகக் கலந்து கொடுத்தனுப்பினார். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு வீட்டில் பாதிப் பேரைக் கண்ணால் பார்க்காதவன் அந்த வீட்டுக்கு டாக்டரே இல்லை, வாசலில் உட்கார்ந்து சீரகத் தண்ணீர் விற்கிறவன் என்றார். அதற்குள் மூன்று மாதம் போயிருந்தது.

அம்மாதான் திரைக்கு வழி சொன்னாள் என்று நினைக்கிறேன். அவள் அதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. பின்கட்டு அறைக்குக் கொல்லைப் பக்கமாகத் தனி வாசல் திறந்தார்கள். அறையின் நடுவே பெரியப்பா கடைத் துணியில் ஒரு சிவப்புத் திரை கட்டினார்கள், கெட்டித் துணி, விளக்கு வைத்தாலும் நிழல் தெரியாது. திரையில் ஒரு கைமுட்டி அளவு துளை. துளையின் விளிம்பு பிரியாமல் இருக்க அம்மா சுற்றிலும் தைத்தாள். கையை அந்தத் துளை வழியே நீட்டினால் மாமா நாடி பார்ப்பார். நாடி பார்ப்பதில் யாருக்கும் தடை இல்லை. நாட்டு வைத்தியர்கள் காலங்காலமாக அதைத்தான் செய்தார்கள்.

நெஞ்சுதான் சிக்கல். நெஞ்சைக் கேட்க மாமாவிடம் இருந்த மரக் குழல் ஒரு சாண் நீளம். அதன் ஒரு முனை நோயாளியின் நெஞ்சில் இருந்தால் மறு முனையில் டாக்டரின் காது இருக்கும். எங்கள் தெருவில் அது நடக்காது. ஆகவே கொழும்பிலிருந்து ஒரு புதுக் குழலை வரவழைத்தார். காதில் மாட்ட இரண்டு முனை, நெஞ்சில் வைக்க ஒரு முனை, நடுவே ரப்பர்க் குழாய். வந்ததும் அதைப் பாதியில் அறுத்து, நடுவில் இன்னும் இரண்டு முழம் குழாயை ஒட்டினார். நெஞ்சு முனை திரைக்கு அந்தப் பக்கம் போகும், காது முனை இந்தப் பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்தில் முனையைச் சரியான இடத்தில் வைக்க ஒரு பெண் வேண்டும். அதற்கு அம்மாவைப் பழக்கினார். ஒரு தலையணையில் கரியால் நான்கு புள்ளி வைத்து, எந்தப் புள்ளிக்குப் பிறகு எந்தப் புள்ளி என்று மனப்பாடம் செய்யவைத்தார்.

தலையணைக்குப் பிறகு நான். எனக்கு எட்டு வயது. திரைக்கு அந்தப் பக்கம் பாயில் படுத்துக்கொண்டேன். அம்மா முனையை வைத்தாள், குளிர்ந்தது. மாமாவின் முகம் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது.

“தொண்ணூத்தாறு. எங்க ஓடிட்டு வந்தே?”

நான் கோப்பி வண்டிக்குப் பின்னால் ஓடிவிட்டு வந்திருந்தேன். அதைத் திரைக்குப் பின்னாலிருந்தே கண்டுபிடித்த மனுஷரைவிடப் பெரிய டாக்டர் சீமையிலும் இருக்கமுடியாது என்று அன்றைக்குத் தீர்மானித்தேன். இன்றுவரை அதை மாற்றிக்கொள்ளவில்லை.

எல்லாம் தயார். பெண்கள் வரவில்லை. திரை கட்டியது எல்லோருக்கும் தெரியும், ஆனால் முதலில் போகிறவள் யார் என்று ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டைப் பார்த்தது.

அப்போது பெரியம்மாவுக்கு ஐந்தாறு மாதமாக உடம்பு சரியில்லை. பெரியப்பாவின் மனைவி, நல்ல உயரம், பேச்சில் கெட்டிக்காரி. அடுப்படியிலிருந்து கிணற்றுக்குப் போவதற்குள் இரண்டு தடவை நின்றாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். கால் வீங்கியிருந்தது. அழுத்தினால் குழி விழும். குழியை அழுத்திப் பார்ப்பது எனக்கு ஒரு விளையாட்டு, அவளும் காலைக் காட்டுவாள். வாயு என்று வீட்டில் முடிவு செய்து, வாயுவுக்கு உள்ள கஷாயமெல்லாம் கொடுத்தாயிற்று. மாமா கேள்விப்பட்டதிலிருந்தே அது நெஞ்சு என்று சந்தேகப்பட்டார். பெரியப்பாவிடம் இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை பெரியப்பா ஒப்புக்கொண்டார். மனைவியின் மேல் கவலை ஒரு காரணம். தெருவில் முதலில் திரைக்குப் போகிற பெண் தன் வீட்டுப் பெண்ணாக இருக்கவேண்டும் என்பது இன்னொரு காரணம்.

அத்தையைக் கேட்காமல் எதுவும் நடக்காது. அத்தை பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் அக்கா. கல்யாணமான மூன்றாம் வருஷமே புருஷனை இழந்து தம்பியோடு கடல் தாண்டி வந்தவள். வெள்ளைச் சேலை, இடுப்பில் சாவிக்கொத்து. அரிசிப் பானை முதல் அலுமாரி வரை அந்த வீட்டின் எல்லாப் பூட்டுக்கும் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. டாக்டர் தம்பி சொந்தக்காரர்தான், ஆனாலும் ஆம்பளை என்றாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். நிபந்தனை என்னவென்று அன்று காலை வரை சொல்லவில்லை.

ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பத்து மணி. நாலு வீடு தள்ளிப் போவதற்குத் தெரு வழி கூடாது என்று, கொல்லைகள் வழியாகவே போனோம். பெரியம்மா மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். நான் விசிறியோடு பின்னால் போனேன். உட்காரும் இடத்திலெல்லாம் விசிறுவது என் வேலை. அம்மா வாசலில் காத்திருந்தாள். அத்தை அங்கேதான் நிபந்தனையைச் சொன்னாள்.

“நீ வெளியில இரு. குழலை நானே வச்சுக்கிறேன்.”

“எந்த எடத்துல வைக்கணும்னு எனக்குத்தானே பழக்கியிருக்கு, மதினி.”

“நெஞ்சு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?”

அம்மா வெளியில் நின்றாள். டாக்டரின் அக்கா உள்ளே இருந்தால் உள்ளே பார்த்ததெல்லாம் டாக்டருக்குப் போகும் என்பது அத்தையின் யோசனை. நான் சின்னப் பெண், விசிறி என் கையில் இருந்தது, என்னை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் மாமாவும் பெரியப்பாவும். பெரியப்பா அரிசிக் கப்பல் தாமதமானதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மாமா கையைக் கேட்டார். பெரியம்மா வளையல் குலுங்கத் துளை வழியே கையை நீட்டினாள். வெகுநேரம் வைத்திருந்தார். மற்றக் கையைக் கேட்டார். அதையும் அப்படியே. பிறகு குழலின் முனை துளை வழியே உள்ளே வந்தது.

அத்தை அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பெரியம்மாவைப் பார்த்தாள். பிறகு தன் தலைப்பை விலக்கி, முனையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

எனக்கு ஆச்சரியமாக இல்லை. பெரியம்மாவுக்கு முடியாமல் போனதிலிருந்து அவளுக்குரிய விரதங்களை அத்தைதான் பிடித்தாள். பெரியம்மா நேர்ந்துகொண்ட நூற்றெட்டுப் பிரதட்சிணத்தையும் பிள்ளையார் கோயிலில் அத்தைதான் சுற்றினாள். நான் கூடப் போய் எண்ணியிருக்கிறேன். சாமி அதைப் பெரியம்மா கணக்கில்தான் வைத்துக்கொள்ளும் என்று அத்தை சொல்லியிருந்தாள். சாமிக்குச் செல்லுபடியாவது டாக்டருக்கு ஏன் செல்லுபடியாகாது? பெரியம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும். நிம்மதியாகத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“மூச்ச நல்லா இழுத்து விடுங்க, அக்கா” என்றார் மாமா.

அத்தை இழுத்து விட்டாள். தன்னைச் சொல்கிறார் என்று பெரியம்மாவும் இழுத்தாள். அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பெரியப்பாகூடக் கப்பலை நிறுத்திவிட்டு, “என்ன மாப்ள?” என்று கேட்டார்.

அந்த நேரத்தில் மாமாவுக்குத் தெரிந்தது என்ன என்பதை அன்று சாயங்காலம் அம்மாவிடம் மட்டும் சொன்னார். எனக்குக் கல்யாணமான பிறகு அம்மா எனக்குச் சொன்னாள். கையில் நாடி நூற்றுக்கு மேல் ஓடியது, ஒழுங்கில்லாமல் தடுக்கித் தடுக்கி ஓடியது. குழலில் கேட்ட நெஞ்சு எழுபதுகூட இல்லை, சீராக இருந்தது. நெஞ்சு அடிக்காததைக் கை அடிக்காது. இருமல் திரை வழியாகக் கேட்டது, குழல் வழியாக வரவில்லை. ஆக, கை ஒருத்தியுடையது, நெஞ்சு இன்னொருத்தியுடையது. விதவையின் வெறுங்கையை நோயாளிக் கை என்று நீட்ட அத்தைக்கு மனம் வந்திருக்காது. அதனால்தான் கை மட்டும் பெரியம்மாவுடையதாக வந்தது. இவ்வளவும் அவருக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. கேட்ட நெஞ்சை நம்பினால் பெரியம்மாவுக்கு மேல் தட்டு மருந்து இல்லை. கேட்காத நெஞ்சுக்கு அந்த மருந்தைக் கொடுக்கவும் முடியாது. உண்மையைப் பெரியப்பா முன்னால் போட்டு உடைத்தால் அத்தை பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்த வழியே போய்விடுவாள். பிறகு அந்தத் தெருவில் எந்தப் பெண்ணும் திரைக்கு வரமாட்டாள்.

மாமா அத்தையைக் கூப்பிட்டார்.

“பெரியக்கா, இந்தக் குழல் புதுசு. நேத்துதான் ஒட்டு மறுபடியும் போட்டேன். சரியாக் கேக்குதான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. நோவு இல்லாத நெஞ்சு ஒண்ணுல மொதல்ல வச்சுப் பாத்துட்டு, அப்பறம் அக்காவுக்கு வச்சாத்தான் வித்தியாசம் தெரியும். ஒங்க நெஞ்சுல வச்சுப் பாக்கலாமா?”

முனை அப்போதும் அத்தையின் நெஞ்சில்தான் இருந்தது. அவள் அதை மெல்ல எடுத்து மடியில் வைத்தாள்.

“எங்கிட்ட என்ன இருக்கு பாக்கறதுக்கு?”

“இன்னொண்ணு, நான் குழல்ல கேக்கப்போறதில்ல. காது முனையையும் உள்ள தர்றேன். நீங்களே மாட்டிக் கேளுங்க. ஒவ்வொரு அடிக்கும் எதுலயாவது ஒரு தட்டு. நான் இங்கருந்து எண்ணிக்கிறேன்.”

டாக்டர் ஒருவர் தன் காதைக் கழற்றிக் கொடுப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். துளை வழியே குழல் முழுவதும் உள்ளே வந்தது. அத்தை காதில் மாட்டத் தெரியாமல் மாட்டி, முனையை மறுபடி தன் நெஞ்சில் வைத்தாள். தட்டுவதற்கு ஒன்றும் இல்லை. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, பெரியம்மாவுக்காகக் கொண்டுவந்த தண்ணீர்ச் செம்பில் பெரிய சாவியால் தட்டினாள். டங். டங். டங். கொல்லர் பட்டறை மாதிரி ஒழுங்கு. மாமா கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்.

“அறுபத்தெட்டு. இதுல ஒரு கொறையும் இல்ல. குழலும் சரியாத்தான் இருக்கு. இப்ப அக்காவுக்கு வைங்க. இடது பக்கம், மார்புக்குக் கீழ.”

ஆம்பளையின் காது என்ற ஆட்சேபம் போய்விட்டது. வேறு ஆட்சேபம் அத்தைக்கு உடனே கிடைக்கவில்லை. என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பச் சொன்னாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டேன். டங். ஒன்றுமில்லை. டங்டங்டங். ஒன்றுமில்லை. டங். டங்டங். பிறகு நின்றுவிட்டது. சாவியைத் தவறவிட்டுவிட்டாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். சாவி கையில்தான் இருந்தது.

“தம்பி” என்றாள், திரையைப் பார்த்து. “இது நொண்டுது.”

“எப்படி நொண்டுதுன்னு தட்டிக் காட்டுங்க, பெரியக்கா. நிறுத்தாதீங்க.”

அவள் தட்டினாள். ஒரு நிமிடம் முழுக்கத் தட்டினாள். ஒரு நிமிடம் அவ்வளவு நீளம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. திரைக்கு அந்தப் பக்கம் பெரியப்பா நின்றிருந்தார், அவருக்கும் அது கேட்டது. பெரியம்மாவுக்கும் கேட்டது.

“எனக்கா அது?” என்று பெரியம்மா கேட்டாள்.

“செம்பு ஆடுது. நீ சும்மா இரு” என்றாள் அத்தை.

மாமா பூட்டைத் திறந்து சின்ன போத்தலை எடுத்தார். எத்தனை சொட்டு, எவ்வளவு தண்ணீரில், எந்த வேளை என்று திரை வழியாக அத்தையிடமே சொன்னார், பெரியப்பாவிடம் சொல்லவில்லை. தினமும் மருந்துக்கு முன்னால் நெஞ்சைக் கேட்கவேண்டும். அடி மிகவும் குறைந்துவிட்டால் அன்றைக்கு மருந்து கிடையாது. குழலைக் கொண்டுபோங்கள் என்றார். அத்தைக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. மாமா அரை நிமிடம் ஓடும் ஒரு மணல் குடுவையைக் கொடுத்தார். நாற்பதுக்கு மேல் எண்ணினால் கணக்குத் தவறும் என்று அவள் சொன்னாள். தட்டுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு அடிக்கும் ஒரு கோப்பிக் கொட்டையைச் சிரட்டையில் போடுங்கள், கொட்டையை நான் எண்ணிக்கொள்கிறேன் என்றார் மாமா.

அப்படித்தான் நடந்தது. விடிந்ததும் அத்தை காதில் குழலை மாட்டிக்கொண்டு, மணலைக் கவிழ்த்துவைத்து, வறுக்காத கோப்பிக் கொட்டைகளை ஒவ்வொன்றாகச் சிரட்டையில் போடுவாள். பெரியம்மா தன் நெஞ்சிலிருந்து கொட்டை விழுவதைப் போல அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சிரட்டையை மாமாவிடம் கொண்டுபோவார்கள். அவர் மருந்து மேசையில் கொட்டி இரண்டு இரண்டாக ஒதுக்கி எண்ணுவார். முதல் நாள் ஐம்பத்தைந்து. பத்தாம் நாள் நாற்பத்தெட்டு. புரட்டாசி பிறந்தபோது நாற்பதுக்குக் கீழே வந்தது. காலில் குழி விழுவது நின்றுபோய் என் விளையாட்டு கெட்டது. ஒரு காலையில் நான் போனபோது பெரியம்மா இரண்டு தலையணை வைத்துப் படுத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, எழுப்பக்கூடாது என்று எனக்குக் கையால் ஜாடை காட்டினாள்.

பெரியப்பா வீட்டுப் பெண் போன வழியில் மற்றப் பெண்கள் போனார்கள். செவ்வாயும் வெள்ளியும் கொல்லை வாசலில் நிற்க இடம் இருக்காது. திரைக்கு உள்ளே அத்தை உட்கார்ந்திருப்பாள். அம்மாவைவிட அத்தை நன்றாகக் கேட்டாள் என்று மாமாவே சொன்னார், அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. அம்பிட்டியவிலிருந்து சிங்களப் பெண்கள் வந்தார்கள், ஹந்தானையில் தோட்டக் கூலிகள் குடியிருந்த லயங்களிலிருந்து முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள் இறங்கி வந்தார்கள். சில நெஞ்சுகளை அவள் மாமாவுக்குத் தட்டிக் காட்டினாள், சிலவற்றை “இது பயம், வேற ஒண்ணுமில்ல” என்று அவளே தீர்த்து அனுப்பினாள். ஆறு மாதக் கெடு எந்தத் தேதியில் முடிந்தது என்று யாருக்கும் நினைவில்லை. மாத்தளைப் பேச்சு நின்றுபோனது. மாமா இன்னொரு நீளக் குழலுக்கு எழுதிப் போட்டார்.

இதெல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருந்த நாட்களில் நான் அத்தையோடு பேசாமல் இருந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். என் கணக்கு வேறாக இருந்தது. முதலில் குழலைத் தன் நெஞ்சில் வைத்துப் பெரியம்மாவின் நோயை வாங்கிக்கொண்டவள் அத்தை. பிறகு மாமா கேட்டதும் அதைப் பெரியம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் நெஞ்சு சீராக அடித்தது, பெரியம்மாவுடையது நொண்டியது, நான் என் காதால் கேட்டேன். விரதத்தை வாங்கிக்கொண்டவள், பிரதட்சிணத்தை வாங்கிக்கொண்டவள், இதை மட்டும் ஏன் வைத்துக்கொள்ளவில்லை? தலை பின்ன அவளிடம் போகாமல் அம்மாவிடம் போனேன். ஒரு வாரம் கழித்து அத்தை என்னைப் பிடித்து உட்காரவைத்துக் காரணம் கேட்டாள். சொன்னேன்.

சீப்பைக் கீழே வைத்துவிட்டு என் தலையைப் பின்னத் தொடங்கினாள்.

“அத நான் வாங்கிக்க முடியாதுடி” என்றாள்.

வழியில்லை என்று அவள் சொன்னதை மனமில்லை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். பின்னலை அவிழ்த்துக்கொண்டு எழுந்து ஓடிப்போனேன்.

பெரியம்மா அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தாள். அத்தை நாலாம் வருஷம், வாந்திபேதி வந்த ஆனியில், இரண்டே நாளில் போய்விட்டாள்.